அரை மணி நேரச் சாட்சி

என் தோலில் எதைக் கொண்டு கோடு இழுத்தாலும் அது எழும்பி நிற்கும். நகம், குச்சி, கயிறு, பாயின் கோரை, எதுவானாலும் சரி. முதலில் இழுத்த இடம் மட்டும் சிவக்கும். பிறகு இரண்டு பக்கமும் சிவப்பு பரவும். அதற்கும் பிறகு நடுக்கோடு வெளுத்து, சுண்டுவிரல் கனத்துக்குத் தடிக்கும். வலி கிடையாது, கொஞ்சம் அரிக்கும். அரை மணி நேரம் போனால் எல்லாம் அடங்கி, தோல் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஆகிவிடும்.

பார்க்கிறவர்கள் என்னை யாரோ புளியமிளாறால் விளாசிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். இதனால் எனக்கு நடந்த நல்லதும் கெட்டதும் கிட்டத்தட்டச் சமம்.

முதலில் போனது படிப்பு. நாலாம் வகுப்பில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டதற்கு வாத்தியார் அடிக்கோலால் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். ஈ ஓட்டுகிற வேகம்தான். பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் இருந்ததால் நான் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். அம்மா என் முதுகைப் பார்த்துவிட்டுத் தெருவைக் கூட்டினாள். வயலில் இருந்த மாமனுக்கு ஆள் போயிற்று. அவர் வந்து, கால் கழுவி, வேறு துண்டு போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியார் முன்னால் என் சட்டையைத் தூக்கினார். முதுகு சுத்தமாக இருந்தது. மாமன் என்னை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார், துணிக்கடையில் சேலை பார்ப்பது போல. ஒரு கோடும் இல்லை. வந்த வெட்கத்தில் வாத்தியாரை அடிக்க வந்தவர் என்னை அடித்தார். அந்த அடி நன்றாகத்தான் எழும்பியது. ஆனால் அவர் வழியில் இரண்டு பேரிடம் நின்று பேசிவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் அதுவும் அடங்கிவிட்டது. அம்மா அதையும் நம்பவில்லை. மறுநாள் முதல் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

அன்றைக்கே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. என் தோல் நல்ல சாட்சிதான். ஆனால் வழக்கைக் கூப்பிடுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுகிற சாட்சி.

கப்பலேறி மலாயாவுக்கு வந்து அங்கும் இங்குமாக அலைந்து மூவாருக்குப் போனேன். ஆற்றுமுகத்தில் ஒரு சீனருடைய மரக்கிடங்கில் பலகை சுமக்கும் வேலை. பலகைக் கட்டின் கயிறு தோளில் பதிந்து எழும்பியதை முதலாளி ஒரு நாள் பார்த்துவிட்டார். தன் கிடங்கில் ஒரு ஆள் செத்துப்போனால் என்ன ஆகும் என்று பயந்தாரோ என்னவோ, இரண்டு நாள் படுக்கச் சொல்லி ஒரு டப்பா தைலமும் கொடுத்தார். நான் சும்மா இருப்பேனா? அவர் வருகிற நேரம் பார்த்துக் கயிற்றால் நானே இழுத்துக்கொள்ள ஆரம்பித்தேன். இரண்டு மாதம் சொகுசாகப் போயிற்று. ஒரு நாள் அவர் என்னைப் பார்த்துவிட்டுப் போகாமல், எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து யாரோ ஒரு வியாபாரியோடு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே பேசினார். அவர் கண் முன்னாலேயே என் தோள் ஆறிக்கொண்டு வந்தது. கோப்பையைக் கீழே வைத்து, "அலமாக்" என்று, அதாவது அடக் கடவுளே என்று மட்டும் சொல்லி வாசலைக் காட்டினார்.

அங்கிருந்து சாஆ என்ற ஊர்ப் பக்கம் காடு வெட்டப் போனேன். காய்ச்சல் பிடித்தது. லாரியிலும் கால்நடையிலுமாக ரெங்கம் வந்து, ஊருக்கு வெளியே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் ஆஸ்பத்திரி வாசலில் விழுந்தேன். அதை ஆஸ்பத்திரி என்று சொல்வது மரியாதைக்காக. அத்தாப்பு ஓலைக் கூரை, பத்துக் கட்டில், மருந்து கொடுத்துக் கட்டுப் போட ஒரு டிரஸ்ஸர்.

அந்த டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி ஆள், வெள்ளைக் கால்சட்டை, இடுப்பில் சங்கிலி போட்ட கடிகாரம். அவருக்கு இழுப்பு உண்டு. பேசிக்கொண்டே வந்து திடீரென்று நிறுத்தி, மூச்சை விசில் மாதிரி இழுத்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். மாதம் ஒரு தரம் வந்து போகும் டாக்டர் துரை படித்துவிட்டுப் போடும் வைத்தியப் பத்திரிகைகளை அவர் சேர்த்து வைத்து வரி விடாமல் படிப்பார்.

காய்ச்சல்காரனுக்கு வயிற்றில் கட்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே முதல் வேலை. மண்ணீரலின் விளிம்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் நகத்தால் ஒரு கோடு கீறி, விலாவிலிருந்து எத்தனை விரல் என்று அளப்பார். என் வயிற்றிலும் கீறினார். அளந்து எழுதிவிட்டுத் திரும்பினவர் நின்றுவிட்டார். அவர் கீறிய கோடு எழும்பிக்கொண்டு வந்தது. கடிகாரத்தை வெளியே எடுத்தார். பத்து நிமிஷம் கோட்டையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரன் தண்ணீர் கேட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

"உம்மட தோல் ஒரு பொக்கிஷம்," என்றார் கடைசியில். "அசையாமல் படும்."

நாலு நாள் காய்ச்சலுக்கு என்னைப் பன்னிரண்டு நாள் கட்டிலில் வைத்திருந்தார். கொயினா மருந்து ஒரு வேளை என்றால் கோடு நாலு வேளை. மார்பில், முதுகில், கையில், வெயிலில், நிழலில், சாப்பிடு முன், சாப்பிட்ட பின். எல்லாவற்றுக்கும் கடிகாரம், எல்லாவற்றுக்கும் நோட்டுப்புத்தகம். எனக்கு மூன்று வேளையும் சோறு கிடைத்ததால் நான் ஆட்சேபிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் என் தோலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர் எனக்குச் சொல்லித் தந்தார். மேல்நாட்டில் ஒரு பெரிய டாக்டர் அப்போதுதான் கண்டு எழுதியிருந்ததாம். தோலுக்குள் ஒரு சரக்கு மூட்டை மூட்டையாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஹிஸ்டமின் என்றோ அதைப் போன்ற ஒன்று என்றோ பெயர். தோலை அழுத்தினால் மூட்டை அவிழும். சரக்கு வெளியே வந்து பக்கத்திலுள்ள சிறிய இரத்தக் குழாய்களை விரித்துவிடும், அதுதான் சிவப்பு. குழாயிலிருந்து நீர் கசியும், அதுதான் தடிப்பு. கொஞ்ச நேரத்தில் உடம்பு அதைக் கரைத்துவிடும், அதோடு சரி. எல்லார் தோலிலும் இந்தச் சரக்கு உண்டு. கட்டெறும்பு கடித்தாலும் கம்பளிப்பூச்சி பட்டாலும் வேலை செய்வது இதுதான். சிலருக்கு இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிப்பதும் இதனால்தான். என் மூட்டைகளுக்கு மட்டும் முடிச்சுச் சரியாகப் போடவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் ஒரு இடத்தில் கீறினால் உடம்பு முழுக்க ஏன் வீங்கவில்லை என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"பாரும். உடம்புக்குள்ளே ரெண்டு விதமான அதிகாரம் இருக்குது. ஒண்டு பெரிய துரையின்ர கந்தோரிலயிருந்து வாற கட்டளை. இரத்தத்தில ஏறித் தோட்டம் முழுக்கப் போகும். மற்றது கூலியாக்கள் குடியிருக்கிற லயத்துக் கங்காணி. அவற்ற அதிகாரம் அவற்ற லயத்தோட சரி. அடுத்த லயத்தில அவரை ஒருத்தரும் மதிக்கிறேல்லை. உம்மட சரக்குக் கங்காணி."

பெரிய துரையின் கட்டளைக்கும் அவர் ஒரு சான்று வைத்திருந்தார். அட்ரினலின் என்று ஒரு சிறிய புட்டி. இழுப்பு முற்றினால் அதைத்தான் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொள்வார். தோலில் விளையாட்டுக் காட்டும் இதே சரக்குதான் நெஞ்சுக்குள் அவிழ்ந்தால் மூச்சுக்குழாயைப் பிடித்து நெரிக்கிறதென்று அவர் நம்பினார். அந்தப் புட்டியிலிருந்து ஒரு சொட்டை என் முழங்கையில் தோலுக்கடியில் ஏற்றினார். அந்த இடம் காலணா அளவுக்கு வெளுத்தது. அதன் குறுக்கே கோடு இழுத்தார். இரண்டு பக்கமும் கோடு வரப்பு மாதிரி எழும்பியது; வெளுத்த வட்டத்துக்குள் அரைகுறையாகத்தான் எழும்பியது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வெகு காலம் கழித்து இதற்கென்றே கடையில் மாத்திரை வந்தது. ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு கையில் கீறிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

பதின்மூன்றாம் நாள் கங்காணி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, தடியன் ஒருவன் தின்று தூங்குவதாகக் கேள்விப்பட்டேன் என்றார். நான் புல்வெட்டுக் கும்பலில் சேர்ந்தேன்.

இந்தக் கங்காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்ட மனுஷர் என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. முருகனுக்கு விரதம் இருப்பவர். மீசைக்குத் தனியாக எண்ணெய் வைத்திருந்தார். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டில் எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவருடைய பெருமை. வாயால் எண்ணினால் முப்பதுக்கு மேல் தடுமாறுவார். அதனால் ரோத்தானால், அதாவது பிரம்பால், எண்ணுவார். பெரட்டுக் களத்தில் இரண்டு கம்பம் நட்டிருந்தது. எல்லாரும் அதன் நடுவே ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். போகிற ஒவ்வொரு முதுகிலும் பிரம்பால் ஒரு அடி. ஒன்று, இரண்டு, மூன்று. அடி சும்மா பெயருக்கு இருந்ததென்றும் சொல்ல முடியாது. அன்றைக்கு அவர் மனசு எப்படியோ அப்படி. தாமதமாக வந்தால் கெண்டைக்காலில் மூன்று. அந்த மூன்றுக்கும் கை நன்றாக ஓங்கி வரும். ஆண் பெண் என்றில்லை.

முதல் நாள் நான் கம்பத்தைத் தாண்டிப் பத்து அடி போயிருப்பேன். எனக்குப் பின்னால் ஒரு அக்கா கூப்பிட்டாள். மூன்றாம் லயத்தில் இருந்த, பால்மரம் சீவுகிற பெண். கூர்மையான வாய். அவள் என்னை நிறுத்தி முதுகைப் பார்த்தாள். பிறகு இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாத்தியா, எல்லாருக்கும் ஒரே அடிதான். இவனுக்கு மட்டும் எழுதி வச்ச மாதிரி நிக்குது."

அவள் ஆர்வத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் அவள் குழந்தைக்கு வலிப்பு வந்து, அவள் பெரட்டுக்குப் பிந்தி வந்து, கெண்டைக்காலில் மூன்று வாங்கியிருந்தாள். எட்டு நாள் கழித்து, கூலிகளின் குறை கேட்கிற லேபர் ஆபீஸிலிருந்து துரை தோட்டம் பார்க்க வந்தபோது முறையிட்டாள். காலைக் காட்டச் சொன்னார்கள். அதற்குள் அங்கே லாலாங் புல் கிழித்த கீறலும் கொசுக்கடியும் தவிர ஒன்றும் இல்லை. கங்காணி இல்லவே இல்லை என்று முருகன் மேல் ஆணையிட்டார். லேபர் துரை ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் போனார். அவர் கார் மறைந்ததும் தோட்டத்துப் பெரிய துரை அவளைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் பொய்ப் புகார் வந்தால் புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாரும் அன்றைக்கே லயத்தைக் காலி பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டார். கையில் வலிப்புக் குழந்தையை வைத்துக்கொண்டு வேறு தோட்டம் தேடி நடப்பது என்பது நான் நடந்த மாதிரி நடப்பதல்ல.

ஆகவே அவளுக்கு இன்னும் ஒரே ஒரு புகார்தான் பாக்கி. அது தப்பக்கூடாது. என் முதுகைப் பார்த்ததும் அவளுக்கு அது தெய்வமே கொண்டுவந்து விட்ட முதுகு என்று தோன்றிவிட்டது.

அரை மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று நான் எச்சரித்தேன். லேபர் துரை வருவது காலை பத்து மணிக்கு, பெரட்டு விடியற்காலையில். அவள் யோசித்து, துரை வருகிற நாளில் பத்து மணிக்கு நான் ஆபீஸ் பக்கமாக வேலை செய்யாமல் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்றாள். நிற்கிறவனைக் கண்டால் கங்காணியின் கை தானாக வரும். நான் சம்மதித்தேன். எனக்கு வேலை செய்யாமல் நிற்பது பழக்கம்தான்.

அந்த நாளும் வந்தது. கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், முதல் நாளே கங்காணிக்குச் சொல்லியிருக்கிறார். அன்று பெரட்டில் ரோத்தானைக் காணவில்லை. வாயால் எண்ணினார். மூன்று தரம் எண்ணினார், மூன்று தரமும் வேறு வேறு தொகை வந்தது. எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் சிலர் பயந்து போனார்கள்.

ஒன்பது மணிக்கே நான் ஆபீஸுக்கு எதிரில் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு நின்றேன். கங்காணி வந்தார். நான் நகரவில்லை. மண்வெட்டி மேல் உட்கார்ந்தேன். ஒரு பீடியும் பற்ற வைத்தேன்.

"வெயிலாருக்கு, தம்பி. நிழல்ல உக்காருங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கார் வருகிற சத்தம் கேட்டது. அக்கா என்னை ஸ்டோருக்குப் பின்னால் இழுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு விளங்கிவிட்டது. கீழே கிடந்த ஒரு தென்னை ஈர்க்கை எடுத்தாள்.

"அவரு அடிக்கிற இடம் எதுன்னு எனக்குத் தெரியும். திரும்பு."

இது பொய்தானே என்று கேட்டேன். மூவாரில் கயிற்றால் இழுத்துக்கொண்டவன் கேட்கிற கேள்வியா என்று உங்களுக்குத் தோன்றலாம், எனக்கும் தோன்றியது. அவள் நாங்கள் தினமும் வாங்குவது பொய்யா என்று திருப்பிக் கேட்டாள். திரும்பினேன். இரண்டு கோடு இழுத்தாள். நல்ல கை. பால்மரம் சீவுகிறவளுக்குக் கோடு போடச் சொல்லித் தர வேண்டுமா?

ஆபீஸ் தாழ்வாரத்தில் மேசை போட்டிருந்தது. லேபர் துரை வெள்ளைக்காரர், இளம் வயது. தமிழ்நாட்டுப் பக்கம் போய்ப் பண்டிதர் ஒருவரிடம் பாடம் கேட்டுவிட்டு வந்தவராம். அவர் தமிழ் அச்சில் அடித்தது போல இருக்கும். கூலிகளைக்கூட 'நீங்கள்' என்பார். பெரிய துரை பக்கத்தில் சுங்கான் புகைக்குழாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கங்காணி கிராணிக்கு அருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா முன்னால் போய், புகார் கொடுப்பது நான் இல்லை, அவள்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, என் சட்டையைத் தூக்கினாள்.

லேபர் துரையின் முகம் சிவந்துவிட்டது. என் முதுகுக்குச் சமமாக இருந்திருக்கும்.

"உங்களை இவ்வாறு அடித்தவர் யார்?" என்றார்.

நான் கங்காணியைக் காட்டினேன். எப்போது என்றார். இப்போதுதான், ஸ்டோருக்குப் பின்னால் என்றேன். கங்காணி வாயைத் திறப்பதற்குள் அவருக்காகக் கிராணி பேசினார். ஒன்பதரையிலிருந்து கங்காணி தம் பக்கத்தைவிட்டு நகரவில்லை என்றார். அது உண்மையும்கூட. பெரிய துரையும் ஆமாம் என்று தலையாட்டினார். காயம் எப்போது பட்டது என்று சொல்ல டிரஸ்ஸரைக் கூப்பிடுங்கள் என்று உத்தரவாயிற்று.

அந்த மனிதரை நான் அடியோடு மறந்துபோயிருந்தேன்.

அவர் வந்தார். என் முதுகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவர் கை தன்னையறியாமல் கடிகாரத்தை எடுத்தது. அவருக்குள் என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் பாதி இருந்திருக்கும். இத்தனை நாள் ஒரு நோட்டுப்புத்தகத்துக்கும் ஒரு கூலிக்கும் மட்டுமே தெரிந்த விஷயத்தைப் படித்த மனிதர் ஒருவருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை மீதிப் பாதி.

"இது அடி இல்லை, சேர்," என்றார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து உஷ்ணமானியின் உலோகக் கூட்டை எடுத்து, என் முதுகில் கோடு இல்லாத பக்கமாக மெல்ல இழுத்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சிவந்தது. பரவியது. தடித்தது. லேபர் துரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். டிரஸ்ஸர் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். ஹிஸ்டமின் என்ற சொல் பல தரம் வந்தது. நடுவில் இழுப்பு வந்தது. நின்று விசிலடித்துவிட்டு மறுபடி தொடர்ந்தார். லேபர் துரை கேள்வி மேல் கேள்வி கேட்டார். நான் தூக்கிய சட்டையோடு நின்றேன். பெரிய துரை மட்டும் என் முதுகைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கம் முடிந்ததும் அவர் சுங்கானை வாயிலிருந்து எடுத்து, கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி அதைத் தமிழில் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அக்கா சாமானைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அக்கா அழவில்லை. என் சட்டையை இறக்கிவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. லேபர் துரை வருத்தத்தோடு பேனாவை மூடினார்.

அந்த நேரத்தில் கங்காணி பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நான் இதை எழுத மாட்டேன். ஆனால் அவருக்கு மனசு புண்பட்டுப் போயிருந்தது. பொய்க் குற்றச்சாட்டிலிருந்து தப்பித்தவருக்கு வாய் அடங்காது. இரண்டு அடி முன்னால் வந்து கும்பிட்டார்.

"துரை, ஒண்ணு சொல்லிக்கிறேன். இவனை மட்டும் தனியா நான் அடிச்சேன்னு சொல்றது அநியாயம். என்கிட்ட அந்த ஓரவஞ்சனை கிடையாது. நான் அடிச்சா எல்லாரையும் ஒண்ணாத்தான் அடிப்பேன்."

லேபர் துரை மூடின பேனாவைத் திறந்தார். "எல்லோரையுமா?" என்றார்.

"நூத்திப் பதினாலு பேரையும். ஒருத்தரை விட்டாலும் கணக்கு உதைக்கும் துரை."

"நாள்தோறுமா?"

"ஞாயித்துக்கிழமை பெரட்டு இல்லீங்க."

கிராணி இருமினார். கங்காணி அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார். பெண்களையும் அடிப்பீர்களா என்று லேபர் துரை கேட்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்பது போலத்தான் கேட்டார்.

"ஆம்பள பொம்பளன்னு நான் பேதம் பாக்கிறதில்லீங்க. ஒரே அளவுதான். பிந்தி வந்தா மட்டும் கெண்டைக்கால்ல மூணு. இந்தப் பொம்பளைக்கே போன மாசம் மூணு குடுத்தேனே. அதுக்காக இவ கால் என்ன இப்படியா வீங்கிச்சு? கேளுங்க. வீங்கலை. குத்தம் இவன் தோல்ல இருக்குது துரை, என் ரோத்தான்ல இல்லை."

கிராணி இருமுவதை நிறுத்திவிட்டார். பெரிய துரை சுங்கானை மேசை மேல் வைத்தார். போன தடவை முருகன் மேல் போட்ட ஆணை கங்காணிக்கு நினைவே இல்லை. அவர் நிரூபணத்தின் வேகத்தில் இருந்தார். அந்த ரோத்தானைத் தாம் பார்க்கலாமா என்று லேபர் துரை கேட்டதும் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். சிவப்புத் துணியில் சுற்றியிருந்தது. நல்லெண்ணெய் பூசி மினுமினு என்று இருந்தது. எவ்வளவு மென்மையாக எண்ணுவார் என்று காட்டச் சொன்னார்கள். மேசை மேல் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். மைக்கூடு துள்ளிப் பெரிய துரையின் மடியில் விழுந்தது.

லேபர் துரை மூன்று பக்கம் எழுதினார். கங்காணி ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார். ரோத்தான் துரையோடு காரில் போயிற்று. அக்கா சாமான் கட்ட வேண்டியதில்லை என்று, பெரிய துரை எதிரிலேயே, கிராணி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

காரில் ஏறுமுன் லேபர் துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்கள் பொய் உரைத்தீர்கள். அது பெருந்தவறு," என்றார். ஒப்புக்கொண்டேன். அவர் இப்படியும் அப்படியும் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "தங்களுக்கு ஆட்சேபணை இல்லையாயின், ஒரே ஒரு கோடு," என்றார். கையை நீட்டினேன். கோடு போடவில்லை. நாலு கால், ஒரு வால், இரண்டு காது வைத்து ஒரு நாய் வரைந்தார். அது எழும்பி வரும்வரை காரை நிறுத்தி வைத்திருந்தார்.

பதினைந்து நாளில் கங்காணியைப் பெரட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆற்றோரத்துத் தண்ணீர் இன்ஜினுக்குக் காவலாகப் போட்டார்கள். அங்கே எண்ணுவதற்கு இன்ஜின் ஒன்றுதான் இருந்தது. தமக்கு என்ன நேர்ந்தது என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு நான் உன்னைத் தொட்டேனா என்று கேட்பார். இல்லை என்பேன். அது போதும் என்று திருப்தியாகப் போய்விடுவார்.

டிரஸ்ஸர் என் தோலைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதி லண்டனுக்கு அனுப்பினார். பதில் வந்ததாகத் தெரியவில்லை. அதில் நான் 'ஒரு கூலி, ஆண், வயது சுமார் இருபத்துநான்கு'. ஆனால் அவர் மனசில் அக்காவின் விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் குழந்தையின் வலிப்புக்கு ஒரு புட்டி மருந்தோடு மூன்றாம் லயத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். தான் உண்மையைத்தான் சொன்னதாக அவர் வாசலில் நின்று சொன்னார். சொல்வதற்குள் இரண்டு தரம் இழுத்தது.

"நீங்க உண்மையைச் சொன்னீங்க, கங்காணி உளறினாரு," என்றாள் அக்கா. "எனக்கு உதவினது கங்காணிதான், ஐயா." மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

புதிய ஏற்பாட்டில் கிராணி பெயர் வாசித்து ஆள் எண்ணினார். வெகுநேரம் பிடித்தது. கம்பங்களைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. முதல் நாள் அதன் நடுவே போன ஒவ்வொருவரும், நானும்தான், முதுகைக் குறுக்கிக்கொண்டுதான் போனோம். எல்லாரும் போய் முடிந்து, கிராணி புத்தகத்தை மூடி, வெயிலும் ஏற ஆரம்பித்த பிறகு அக்கா லயத்திலிருந்து இறங்கி வந்தாள். குழந்தைக்கு அன்று ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வெற்றிலையை மென்றுகொண்டு, பால்மரம் சீவும் உளியைக் கையில் ஆட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் இரண்டு கம்பத்துக்கும் நடுவே நடந்தாள். பாதியில் ஒரு தரம் நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள்.